எதையும் மறைக்காத மொழி: சி பற்றி ஓர் எளிய அறிமுகம்

தமிழ்நாட்டில் இன்ஜினீயரிங் முடித்துவிட்டு பெங்களூருக்கு வேலைக்கு வந்த யாரிடமாவது ‘சி’ புரோகிராமிங் மொழி என்று சொல்லிப் பாருங்கள். முதல் வருட லேப், டர்போ சி என்ற பழைய கம்பைலரின் நீலத் திரை, நட்சத்திரங்களை அடுக்கிப் பிரமிடு போடும் புரோகிராம், வைவாவில் மாட்டிவிட்ட பாயின்டர் கேள்வி, இவ்வளவுதான் நினைவுக்கு வரும். மடிவாளாவில் பஸ்ஸை விட்டு இறங்கி, பி.ஜி.யில் பெட்டியை வைத்த கையோடு பைத்தானோ ஜாவாஸ்கிரிப்ட்டோ கற்கப் போய்விடுகிறார்கள். சி ஒரு பரீட்சைப் பாடம். பாஸ் ஆயிற்று, கணக்கு முடிந்தது.

ஆனால் நாம் வழக்கமாக இன்ஸ்டால் செய்யும் அந்தப் பைத்தானே சி-யில் எழுதப்பட்ட ஒரு புரோகிராம்தான். ஆண்ட்ராய்டு போனுக்கு அடியில் ஓடும் லினக்ஸ் கெர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) சி. போனுக்குள் தொடர்புகளையும் மெசேஜ்களையும் அடுக்கி வைக்கும் எஸ்க்யூலைட் சி. ஆபீசில் தினமும் கோட் ஏற்றும் கிட் பெரும்பாலும் சி. இணையதளங்களுக்குப் பின்னால் ஓடும் இன்ஜின்எக்ஸ், போஸ்ட்கிரெஸ், ரெடிஸ் எல்லாமே அப்படித்தான். 1972 வாக்கில் உருவான ஒரு மொழி இத்தனை இடங்களில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது என்றால் ஏதோ காரணம் இருக்க வேண்டும். ‘சி வேகமானது’ என்பதுதான் வழக்கமாகக் கிடைக்கும் பதில். அது உண்மை, ஆனால் பாதிக் காரணம்கூட ஆகாது என்பது என் கட்சி. சி உங்களிடமிருந்து எதையும் மறைப்பதில்லை. அதன் பலமும் அதுதான், அதன் ஆபத்தும் அதுதான். புரோகிராமிங் கொஞ்சமே தெரிந்தவருக்கும் விளங்கும்படி இதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் அது பிறந்த இடம். அமெரிக்காவின் நியூஜெர்சியில் இருந்த பெல் லேப்ஸில், 1969-ல் கென் தாம்சன் பிடிபி-7 என்ற பழைய கணினியில் யூனிக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தைத் தொடங்கினார். அதற்குத் துணையாக பி என்று ஒரு சின்ன மொழியையும் செய்துகொண்டார். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மார்ட்டின் ரிச்சர்ட்ஸின் பிசிபிஎல் மொழியைச் சுருக்கி எடுத்தது அது. பி-யில் எண், எழுத்து என்ற வகைப் பிரிவே கிடையாது. எல்லாம் ஒரே அளவு. பிறகு பிடிபி-11 வந்தது. அந்த இயந்திரத்தில் ஒவ்வொரு பைட்டுக்கும் தனி முகவரி. எழுத்துக்கு ஒரு பைட், முழு எண்ணுக்கு இரண்டு பைட். எல்லாவற்றையும் ஒரே அளவில் பார்த்த பி மொழிக்கு இது ஒத்துவரவில்லை. டென்னிஸ் ரிச்சி அதில் வகைகளைச் சேர்த்தார், புதிய கம்பைலர் (எழுதியதை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் புரோகிராம்) எழுதினார், அது வளர்ந்து சி ஆனது.

அவர்களுடைய முதல் பிடிபி-11-ல் மொத்த மெமரி 24 கிலோபைட். அதில் 12 கிலோபைட்டை ஆபரேட்டிங் சிஸ்டமே எடுத்துக்கொண்டது. இன்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் காலையில் வரும் ஒரு ரோஜாப்பூ படமே அதைவிடப் பெரியது. சி-யின் குணத்தைத் தீர்மானித்தது இந்த நெருக்கடிதான். மொழி சின்னதாக இருக்க வேண்டும், கம்பைலரும் சின்னதாக இருக்க வேண்டும், புரோகிராமருக்குத் தெரியாமல் ஒரு பைட்டும் செலவாகக் கூடாது.

1972-ல் யூனிக்ஸை சி-யில் மாற்றி எழுத தாம்சன் ஒரு தடவை முயன்று கைவிட்டார். அப்போது சி-யில் ஸ்டிரக்ட் கிடையாது. சம்பந்தப்பட்ட பல தகவல்களை ஒன்றாகக் கட்டி வைக்கும் வசதிக்குத்தான் ஸ்டிரக்ட் என்று பெயர். ஒரு ஃபைலை எடுத்துக்கொண்டால் அதன் அளவு, உரிமையாளர், தேதி எல்லாம் ஒரே கட்டாக மெமரியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்த வசதி வந்த பிறகு, 1973 கோடையில் கெர்னலை சி-யில் எழுதி முடித்தார்கள். உயர்மட்ட மொழியில் ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதியது அவர்கள்தான் முதல் என்று சிலர் சொல்வதுண்டு. அப்படியில்லை, மல்டிக்ஸ் அதற்கு முன்பே பிஎல்-ஒன் மொழியில் எழுதப்பட்டது. ஆனால் சின்ன, மலிவான இயந்திரத்தில் இது சாத்தியம் என்று காட்டியது பெல் லேப்ஸ்தான். சில வருடங்களில் அதே யூனிக்ஸை முற்றிலும் வேறான இன்டர்டேட்டா 8/32 என்ற கணினிக்கும் கொண்டுபோனார்கள். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனித்தனியான அசெம்பிளி மொழியில் எழுதியிருந்தால் முதல் வரியிலிருந்து மறுபடி எழுதியிருக்க வேண்டும்.

சரி, இப்போது பாயின்டருக்கு வருவோம். சி-யை விட்டு ஓடுகிற பலரும் இந்த இடத்தில்தான் ஓடுகிறார்கள்.

கணினியின் மெமரி என்பது பூஜ்யத்தில் தொடங்கி வரிசையாக எண் போட்ட பைட்டுகள். பெங்களூரில் வீடு தேடியவர்களுக்கு இது சுலபம். ஏழாவது மெயின், மூன்றாவது கிராஸ், கதவு எண் 37 என்று ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு அலைகிறோம் அல்லவா? அந்தச் சீட்டுதான் பாயின்டர். சீட்டு வேறு, வீடு வேறு. சீட்டை நகல் எடுத்தால் வீடு இரண்டாகிவிடாது. எண்ணில் ஒன்றைக் கூட்டினால் அடுத்த வீடு. அந்த வீட்டை இடித்துவிட்டு வேறு யாராவது கட்டிக்கொண்ட பிறகும் பழைய சீட்டோடு போய்க் கதவைத் தட்டினால் என்ன ஆகும்? சி-யில் அதற்கு டாங்ளிங் பாயின்டர் என்று பெயர். சீட்டு செல்லாது என்று உங்களுக்கு யாரும் சொல்லமாட்டார்கள்.

அரே, அதாவது ஒரே வகை மதிப்புகளின் வரிசை, ஏன் பூஜ்யத்தில் தொடங்குகிறது என்பதும் இதிலிருந்தே புரியும். அரேயின் பெயர் முதல் பைட்டின் முகவரியைக் காட்டுகிறது. அடைப்புக்குறிக்குள் வரும் எண், அங்கிருந்து எத்தனை இடம் தள்ளிப் போக வேண்டும் என்பது. முதல் உறுப்புக்குத் தள்ளிப்போகவே வேண்டாம், ஆகவே பூஜ்யம். இதை லேபில் ‘அது அப்படித்தான், மனப்பாடம் செய்’ என்று சொல்லிக் கடந்துபோனால் மாணவர்களுக்கு சி பிடிக்காமல் போவதில் ஆச்சரியமில்லை.

பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் கிடைக்கும் ஆர்டுயினோ ஊனோ ஆர்3 என்ற குட்டிக் கணினி போர்டு ஒன்றை வாங்கினால் பாயின்டரைக் கண்ணாலேயே பார்க்கலாம். அதில் இருக்கும் ஏடிமெகா328பி சிப்புக்கு ரேம் வெறும் 2 கிலோபைட். புரோகிராம் வைக்க 32 கிலோபைட். அந்த போர்டில் 13-ஆம் பின்னோடு ஒரு சின்ன எல்இடி சேர்ந்திருக்கும். அதை எரிய வைப்பது எப்படி? அந்தச் சிப்பில் 36-ஆம் முகவரியில் இருக்கும் பைட்டின் எட்டு பிட்டுகளில், பூஜ்யத்திலிருந்து எண்ணி 5-ஆவது பிட்டை 1 ஆக்கினால் அந்தப் பின் வெளியே மின்சாரம் தரத் தயாராகும். 37-ஆம் முகவரியில் அதே 5-ஆவது பிட்டை 1 ஆக்கினால் விளக்கு எரியும். 0 ஆக்கினால் அணையும். அவ்வளவுதான். மெமரியில் ஓர் எண்ணை எழுதினால் வெளியுலகில் ஒரு விளக்கு எரிகிறது. சி-யில் இது ஒரே வரி. நல்ல கம்பைலர் அந்த வரியை அந்தச் சிப்பின் ஒரே ஒரு கட்டளையாக மாற்றிவிடும். 16 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் அதற்கு இரண்டு துடிப்பு, அதாவது ஒரு மைக்ரோசெகண்டில் எட்டில் ஒரு பங்கு. ஆர்டுயினோ தரும் வசதியான ஃபங்ஷன் வழியாகப் போனால் இதே வேலைக்குப் பல டஜன் துடிப்புகள் ஆகும். வசதிக்கு விலை உண்டு. அந்த விலையை நீங்களே பார்த்து, வேண்டுமா வேண்டாமா என்று தீர்மானிக்க சி விடுகிறது.

எதையும் மறைப்பதில்லை என்று நான் சொன்னது இதைத்தான். பைத்தானில் 5 என்று ஒரு எண் வைத்தால், 64 பிட் கணினியில் அது 28 பைட் எடுத்துக்கொள்கிறது. எண்ணோடு அதன் வகை, எத்தனை பேர் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்ற கணக்கு எல்லாம் சேர்ந்து. சி-யில் 4 பைட். பத்து லட்சம் வெவ்வேறு எண்களை பைத்தான் லிஸ்ட்டில் வைத்தால் சுமார் 36 மெகாபைட், சி அரேயில் 4 மெகாபைட். லேப்டாப்பில் இது பெரிய விஷயமில்லை. 2 கிலோபைட் ரேம் உள்ள சிப்பில் இதுதான் எல்லாமே. அதோடு, சி-யில் ஒரு கூட்டல் வரி கூட்டலை மட்டுமே செய்யும். உங்களுக்குத் தெரியாமல் மெமரி ஒதுக்காது, பின்னால் வேறு ஃபங்ஷனைக் கூப்பிடாது, வேண்டாத மெமரியைத் துப்புரவு செய்யும் கார்பேஜ் கலெக்டர் வேலை செய்கிறது என்று நடுவில் நிற்காது. பிரேக்கைக் கட்டுப்படுத்தும் மென்பொருள் தப்பான நேரத்தில் சில மில்லிசெகண்ட் யோசித்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். இன்றைய கம்பைலர்கள் நீங்கள் எழுதியதை நிறையக் கலைத்து அடுக்குகின்றன என்பதால் வரிக்கு வரி பொருத்தம் பார்க்க முடியாது. ஆனாலும் ஒரு ஃபங்ஷனைப் படித்துவிட்டு அதன் செலவை உத்தேசமாகச் சொல்ல முடிகிற மொழிகளில் சி-தான் முதலில் நிற்கிறது.

மொழியும் சின்னது. 1989-ல் வந்த முதல் தரநிலையில் மொத்தமே 32 கீவேர்டுகள், அதாவது மொழி தனக்கென வைத்துக்கொண்ட சொற்கள். நிஜமாகவே தலைக்குள் முழுசாக வைத்துக்கொள்ளக்கூடிய மொழி.

இனி ஆபத்துப் பக்கம். இதைத் தமிழிலேயே சோதித்துப் பார்க்கலாம். ‘தமிழ்’ என்ற சொல்லை சி-க்குக் கொடுத்து, நீளம் கேட்கும் ஃபங்ஷனை ஓட்டுங்கள். மூன்று எழுத்து என்று நாம் சொல்வோம். சி சொல்வது 15. யூனிகோடில் அது ஐந்து குறிகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். சி-க்கு எழுத்து, மொழி என்றெல்லாம் தெரியாது, பைட்தான் தெரியும். ஸ்டிரிங் எங்கே முடிகிறது என்று அதற்குச் சொல்வது கடைசியில் வைக்கும் ஒரு பூஜ்ய பைட். அதைப் பார்க்கும்வரை எண்ணிக்கொண்டே போகும். (யுடிஎஃப்-8 முறையை 1992-ல் ராப் பைக்கோடு சேர்ந்து வடிவமைத்தவர் அதே கென் தாம்சன்தான். தமிழ் எழுத்தின் நடுவில் பூஜ்ய பைட் வராதபடி அது அமைந்திருப்பதால்தான் பழைய சி புரோகிராம்கள் பலவற்றில் தமிழ் உடையாமல் போய்வருகிறது.)

லேப் ரெக்கார்டில் எல்லோரும் எழுதிய ஒரு வரி உண்டு. பெயர் வைக்க 20 எழுத்து இடம் ஒதுக்குவது. அதாவது 20 பைட். இப்போது அதில் ‘தமிழ்ச்செல்வி’ என்று உள்ளிடுங்கள். நமக்கு ஏழே எழுத்து. பைட் கணக்கில் 39, முடிவுப் பூஜ்யத்தோடு 40. மீதி 20 பைட் எங்கே போகும்? பக்கத்தில் எது இருக்கிறதோ அதன் மேல் போய் விழும். அது இன்னொரு மாறியாக இருக்கலாம். ஃபங்ஷன் முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும் என்ற முகவரியாகவும் இருக்கலாம். அந்த முகவரியை ஒருவன் திட்டமிட்டு மாற்றி எழுதினால், கணினி அவன் சொன்ன இடத்துக்குப் போய் அவன் சொன்ன வேலையைச் செய்யும். பஃபர் ஓவர்ஃப்ளோ என்பது இதுதான்.

1988 நவம்பரில் இணையத்தைத் தடுமாற வைத்த, தானாகப் பரவும் புரோகிராமான மோரிஸ் வோர்ம், நுழைய வைத்துக்கொண்ட வழிகளில் ஒன்று இதே ஓட்டைதான். எவ்வளவு இடம் இருக்கிறது என்று கேட்காமலே உள்ளீட்டை வாங்கும் கெட்ஸ் என்ற ஃபங்ஷன் அதற்கு உதவியது. அந்த ஃபங்ஷனைத் தரநிலையிலிருந்து நீக்க 2011 வரை ஆயிற்று. நம் கல்லூரிப் பாடத்தில் அது அதற்குப் பிறகும் இருந்தது, அது வேறு கதை. 2014-ல், இணையத் தகவலை ரகசியமாக்கி அனுப்பும் ஓபன்எஸ்எஸ்எல்-லில் கண்டுபிடிக்கப்பட்ட ஹார்ட்பிளீட் இதன் மறுபக்கம்: வந்த தகவலின் நிஜ நீளத்தைச் சரிபார்க்காமல், கேட்ட அளவுக்கு மெமரியை எடுத்து வெளியே அனுப்பிய பிழை. தன் மென்பொருள்களில் வருடா வருடம் சரிசெய்யும் பாதுகாப்பு ஓட்டைகளில் 70 சதவீதம் வாக்கில் இந்த மெமரி வகையைச் சேர்ந்தவை என்று மைக்ரோசாஃப்ட் 2019-ல் சொன்னது. அவர்களுடைய பழைய கோட் பெரும்பாலும் சி-யும் சி++-உம்தான்.

“அப்புறம் எதுக்கு அண்ணா இன்னும் சி? அதான் ரஸ்ட் வந்துடுச்சே?” என்று எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் சித்தி மகன் கேட்டான். நியாயமான கேள்வி. ரஸ்ட் என்ற புதிய மொழியின் 1.0 பதிப்பு வெளியானது 2015-ல். இந்த மெமரிப் பிழைகளில் பெரும்பாலானவற்றை கம்பைல் செய்யும்போதே பிடித்துவிடும். 2022 டிசம்பரில் வந்த லினக்ஸ் 6.1-லிருந்து கெர்னலுக்குள்ளேயே அதற்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். இணையத்திலிருந்து வரும் தகவலை நேரடியாக வாங்கும் ஒரு புதிய புரோகிராமை இன்று முதலிலிருந்து தொடங்குவதானால், நானே ரஸ்ட்டைத்தான் முதலில் யோசிப்பேன். அவனிடமும் அதைத்தான் சொன்னேன்.

ஆனால் இரண்டு விஷயங்களை அவன் கணக்கில் எடுக்கவில்லை. ஒன்று, எழுதி முடித்து, வருடக்கணக்கில் ஓடி, பிழைகள் களையப்பட்ட கோட். எஸ்க்யூலைட் குழு 2050 வரை அதைப் பராமரிப்பதாகச் சொல்லியிருக்கிறது. சி-யில் எழுதியதால்தான் அவர்களுக்கு அப்படிச் சொல்லத் துணிச்சல் வருகிறது என்று நினைக்கிறேன். 1989 தரநிலைக்கு ஒழுங்காக எழுதிய புரோகிராமை இன்றைய கம்பைலரில் போட்டாலும் பெரும்பாலும் அப்படியே ஓடும். மூன்று வருடம் முந்தைய ஜாவாஸ்கிரிப்ட் புராஜெக்ட்டைத் திறந்து ஓட வைக்க முயன்றவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இன்னொன்று, இதைவிடப் பெரியது. மொழிகள் ஒன்றோடொன்று பேச வேண்டியிருந்தால் சி வழியாகத்தான் பேசுகின்றன. ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடும்போது எண்களை சிப்புக்குள் இருக்கும் எந்த ரெஜிஸ்டரில் வைப்பது, ஸ்டிரக்ட்டின் உறுப்புகள் மெமரியில் எந்த வரிசையில் இருக்கும், விடை எங்கே வரும் என்று ஒவ்வொரு ஆபரேட்டிங் சிஸ்டத்திலும் ஓர் ஒப்பந்தம் உண்டு. அந்த ஒப்பந்தம் சி-யின் பார்வையில் எழுதப்பட்டிருக்கிறது. பைத்தானில் எண் கணக்குகளுக்கான நம்பை (NumPy) என்ற லைப்ரரி வேகமாகக் கணக்குப் போடுவது உள்ளே சி இருப்பதால். ரஸ்ட்டில் எழுதிய லைப்ரரியை பைத்தானுக்குக் கொடுக்க வேண்டுமென்றால், ரஸ்ட்டும் சி-யைப் போல் வேஷம் கட்டிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். நாளையே யாரும் சி-யில் புதிதாக ஒரு வரி எழுதாவிட்டாலும் இந்த ஒப்பந்தம் இருக்கும். இதைச் சொன்னதும் அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அப்போ ரஸ்ட் படிக்கவும் சி தெரியணுமா?” என்றான். தெரிந்தே ஆக வேண்டும் என்பதில்லை. தெரிந்திருந்தால், ரஸ்ட் கம்பைலர் எதற்காகத் திட்டுகிறது என்று விளங்கும்.

பெங்களூரில் இருப்பவர்களுக்கு நடைமுறையில் ஒரு காரணமும் சேர்கிறது. 1985-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் இங்கே வந்ததிலிருந்து சிப் வடிவமைப்பும், பிறகு கார் எலெக்ட்ரானிக்ஸும் இந்த ஊரில் வேர் பிடித்துவிட்டன. அந்த வேலைகளுக்கான இன்டர்வியூவில் பிட் கணக்கு, பாயின்டர், ஸ்டிரக்ட்டின் அளவு இதெல்லாம் நிச்சயம் வரும். கார் துறைக்காக 1998-ல் வந்த மிஸ்ரா சி என்ற விதித்தொகுப்பும் வரலாம். சி-யில் செய்ய அனுமதி இருந்தாலும் நீ செய்யாதே என்று பட்டியல் போடும் விதிகள் அவை.

ஆரம்பிப்பவர்கள் அடிக்கடி இடறும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முழு எண் வகையான இன்ட் எத்தனை பைட்? டர்போ சி-யில் 2. இன்றைய லேப்டாப்பில் ஜிசிசி என்ற கம்பைலரில் 4. ஊனோ போர்டில் மறுபடி 2. குறைந்தது 16 பிட் இருக்க வேண்டும் என்று மட்டுமே தரநிலை சொல்கிறது, மீதியை இயந்திரத்துக்கு விட்டுவிடுகிறது. 2 பைட் இன்ட்டில் வைக்க முடிந்த பெரிய எண் 32,767. ஊனோ தொடங்கி எத்தனை மில்லிசெகண்ட் ஆயிற்று என்று தரும் எண்ணை இன்ட்டில் வாங்கி வைத்தால், 33 விநாடிக்குள் கணக்கு கவிழ்ந்துவிடும். மேஜையில் பத்து விநாடி ஓட்டிப் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்திருக்கும். மைனஸ் எண்ணுக்கு இடம் வைக்காத 32 பிட்டில் வைத்தாலும் சுமார் 50 நாளில் எண் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அதனால் அளவு முக்கியமான இடத்தில், 1999 தரநிலை தந்த, பிட் அளவைப் பெயரிலேயே சொல்லும் வகைகளைப் பயன்படுத்துங்கள்.

இப்போது கற்க ஆரம்பிப்பதானால் டர்போ சி-யைத் தொடவே வேண்டாம். லினக்ஸிலோ, விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்-லிலோ ஜிசிசி அல்லது கிளாங் கம்பைலரைப் போட்டுக்கொள்ளுங்கள். எச்சரிக்கைகள் எல்லாவற்றையும் காட்டும்படியும், மெமரி அத்துமீறலைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசர் சேரும்படியும் முதல் நாளே அமைத்துவிடுங்கள். பிறகு மேலே சொன்ன 20 பைட் புரோகிராமை எழுதி, வேண்டுமென்றே நீளமான பெயரைக் கொடுங்கள். எந்த இடத்தில் அத்துமீறியது, அங்கே எத்தனை பைட் எழுதப் பார்த்தது என்று சானிடைசர் ரிப்போர்ட் தரும். அந்த ரிப்போர்ட்டை நிதானமாகப் படியுங்கள். பாயின்டர் பற்றிய பத்து வீடியோக்கள் தராததை அது தரும். அடுத்து, லைப்ரரியைத் தொடாமல் ஸ்டிரிங் நீளம் எண்ணும் ஃபங்ஷனை நீங்களே எழுதுங்கள். பின்னர் யுடிஎஃப்-8 குறிகளை எண்ணி ‘தமிழ்’ என்பதற்கு 5 சொல்லும் ஒன்றையும் எழுதுங்கள். 3 சொல்லும் ஒன்று வேண்டுமென்றால், புள்ளியையும் உயிர்மெய்க் குறிகளையும் எண்ணாமல் தாண்ட வேண்டும். அது ஒரு நல்ல ஞாயிற்றுக்கிழமை வேலை.

அடுத்தவர் கோட் படிக்க ஆசை வந்தால் நேராக லினக்ஸ் கெர்னலைத் திறந்து உட்காராதீர்கள், பயந்துவிடுவீர்கள். பிரேசிலில் ரியோ டி ஜெனிரோவின் ஒரு பல்கலைக்கழகத்தில் உருவான லுவா மொழி முழுக்க சி-யில் எழுதப்பட்டது, சின்னது, சுத்தமானது. அதில் ஸ்டிரிங்குகளைக் கையாளும் ஃபைலிலிருந்து தொடங்கலாம்.